பெயர் ஒரு பாகமா?

பம்ப் ஒன்றின் அசெம்பிளி மாடலைக் கணினியில் கட்டுகிறவர் வேலையின் கடைசியில் ஒரு சின்னச் சிக்கலில் வந்து நிற்பார். உறை, தண்டு, இம்பெல்லர், சீல், போல்ட் எல்லாம் தத்தம் இடத்தில் பொருந்திவிட்டன. மிச்சம் இருப்பவை ஸ்டிக்கர்கள்தாம்: சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி, மின்சார எச்சரிக்கை, தயாரிப்பாளர் பெயரும் வரிசை எண்ணும் தாங்கிய தகடு. இவற்றை எங்கே வைப்பது? சாலிட்வொர்க்ஸ், இன்வென்டர் போன்ற மென்பொருள்கள் சுலபமான வழி ஒன்றைத் தருகின்றன. படக் கோப்பை எடுத்து உறையின் முகத்தில் டீகாலாகப் படியவிட்டால் போதும், பார்க்க அசலாகவே இருக்கும். ஆனால் அந்தப் படத்துக்கு எடை இல்லை, தடிமன் இல்லை, பாக எண்ணும் இல்லை. பாகப் பட்டியலில் அது ஏறாது. ஆகவே கொள்முதல் பிரிவு அதை வாங்காது. மாடலைப் பிற மென்பொருள்களும் திறக்கும் ஸ்டெப் கோப்பாக மாற்றி இன்னொரு நிறுவனத்துக்கு அனுப்பினால் பெரும்பாலும் படம் வழியிலேயே உதிர்ந்துவிடும். இரண்டாவது வழி, எழுத்தை உறையின் உடம்பிலேயே வெட்டுவது, அல்லது வார்ப்பில் புடைக்க வைப்பது. அப்போது உறை போகிற இடமெல்லாம் எழுத்தும் போகும். ஆனால் ஒரு சொல்லைத் திருத்த வேண்டுமென்றால் உறையையே புதுப் பாகமாக்க வேண்டியிருக்கும். மூன்றாவது வழி கொஞ்சம் வேலை பிடித்தது. ஸ்டிக்கரை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமனுள்ள தனிப் பாகமாக வரைந்து, அதற்கென்று ஓர் எண் கொடுத்து, அசெம்பிளியில் உறையின் மேல் பொருத்துவது. ஸ்டிக்கரை யாரோ ஒருவர் வாங்கி ஒட்டியே ஆக வேண்டும் என்று தெரிந்த வடிவமைப்பாளர்கள் இந்த மூன்றாவதற்கே வந்து சேர்கிறார்கள்.

இதை வரைபடக்காரர்களின் வசதி என்று சொல்லித் தள்ளிவிடலாம். தள்ளக் கூடாது என்பது என் கட்சி. பெயர் என்பது பொருளின் மேல் படிந்த படமா, பொருளின் உடம்பிலேயே உள்ளதா, அல்லது பொருளோடு வந்து சேர்ந்த இன்னொரு பொருளா என்று நம் தத்துவ மரபுகள் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல் வாதாடியிருக்கின்றன. அந்த வாதத்தின் முக்கியமான களங்களில் ஒன்று சிதம்பரம். இன்று ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் நடராசர் கோயில். அந்தப் பக்கம் அண்ணாமலை நகர், 1929-இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம், 1945 முதல் அங்கே நடக்கும் பொறியியல் படிப்பு. ஒரு பக்கத்தார் கேட்ட கேள்விக்கு மறுபக்கத்தாரின் அன்றாட வேலைமுறை ஒரு பதிலை வைத்திருக்கிறது. அந்தப் பதில் இது: பெயர் பொருளின் பாகம் அல்ல, ஆனால் பொருளும் அதைப் படிக்கிறவனும் சேர்ந்து உண்டாகும் அமைப்பின் பாகம். அந்த அமைப்புக்குள் அது மற்றப் பாகங்களைப் போலவே உண்மையானது. சைவ சித்தாந்தம் பெயரைப் பற்றிக் கொண்ட நிலையும் ஏறத்தாழ இதுதான் என்பது என் வாதம்.

முதலில் எதிர்நிலைகளை அவற்றின் முழு பலத்தோடு பார்த்துவிடுவோம். பெயர் வெறும் டீகால்தான் என்கிற கட்சிக்கு இரண்டு பெரிய சாட்சிகள் உண்டு. சாந்தோக்கிய உபநிடதம் மண்ணைக் காட்டுகிறது: குடமும் சட்டியும் வாயால் சொல்லும் வேறுபாடு, மண் ஒன்றே மெய். அத்வைதிகள் இதை எடுத்து வளர்த்தார்கள். பௌத்த நூலான மிலிந்தன் கேள்விகளில் நாகசேனர் இன்னும் கறாராகப் போகிறார். மன்னன் ஏறி வந்த தேரைக் காட்டி, அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எதுவுமே தேர் இல்லை என்று ஒப்புக்கொள்ள வைத்து, தேர் என்பது இந்தப் பாகங்களைச் சார்ந்து எழுந்த வழக்குப் பெயர் மட்டுமே என்று முடிக்கிறார். பாகப் பட்டியலை இப்படிப் பிரித்துப் பார்த்து ஒரு மெய்ப்பொருள் கேள்வியைத் தீர்த்த உரையாடல் இந்திய இலக்கியத்தில் இதற்கு இணையாக வேறு இல்லை என்றே நினைக்கிறேன். நாகசேனரின் பட்டியலில் தேரின் பெயர் ஒரு வரியாக ஏறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பாகங்களை எண்ணி முடித்த பிறகு மேலே படியவிட்ட படம் அது. எடை இல்லாதது, ஆகவே இல்லாதது.

எழுத்தை உடம்பிலேயே வெட்டும் கட்சிக்குத் தலைவர்கள் மீமாம்சகர்கள். சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு பிறப்போடு வந்தது, யாரும் பின்னால் ஏற்படுத்தியது அல்ல என்பது ஜைமினியின் நிலை. வாக்கியபதீயம் எழுதிய பர்த்ருஹரி இன்னும் ஓர் அடி போய், சொல்லின் இழை ஊடுருவாத அறிவே கிடையாது என்றார். இதற்கு நியாய மரபினர் கொடுத்த அடி பிரசித்தம். சொல்லும் பொருளும் ஒட்டிப் பிறந்தவை என்றால் நெருப்பு என்று சொன்னவன் நாக்கு வேக வேண்டும், கத்தி என்றவன் வாய் கிழிய வேண்டும், சோறு என்றவன் வாய் நிறைய வேண்டும். நடக்கவில்லை, ஆகவே உறவு வழக்கத்தால் வந்ததே. கிரேக்கத்தில் பிளேட்டோ கிராத்திலஸ் என்ற உரையாடலில் ஏறக்குறைய இதே வழக்கை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லாமல் எழுந்துவிட்டார். நடைமுறையில் மீமாம்சகர் பக்கம் சாய்கிற இடங்களும் இருக்கின்றன. 1923-ஆம் ஆண்டின் இந்தியப் பாய்லர் சட்டம் பதிவு எண்ணை பாய்லரின் மேலேயே அழியாதபடி பொறிக்கச் சொன்னது. நெய்வேலியில் ஓடும் ஒரு பாய்லருக்கு அதன் எண் காகிதத்தில் இருந்தால் போதாது, இரும்பில் இருக்க வேண்டும். பிரித்து எடுக்கக் கூடிய பெயரைச் சட்டம் நம்பவில்லை.

இரண்டு கட்சியும் ஒரே தவறைச் செய்கின்றன என்று எனக்குப் படுகிறது. பெயரைத் தனியொரு பொருளோடு மட்டும் கட்டிப் பார்க்கின்றன. ஒட்டியதா ஊறியதா என்பது மட்டுமே அவற்றின் தகராறு. கணினியில் மாடல் செய்கிறவர் அன்றாடம் சந்திக்கும் ஒரு சம்பவம் இந்தத் தவறைக் காட்டிக்கொடுக்கும். வலப்பக்கத்துப் பிராக்கெட் ஒன்றை வரைந்தாகிவிட்டது. இடப்பக்கத்துக்கு அதையே மிரர் செய்கிறார். வளைவு, துளை, விளிம்பு எல்லாம் கண்ணாடிப் பிம்பமாக மாறி நல்லதோர் இடப்பக்கப் பிராக்கெட் கிடைத்துவிடுகிறது. ஆனால் அதன் மேல் வெட்டியிருந்த எழுத்தும் திரும்பிவிடுகிறது. திரும்பிய பிராக்கெட் பிராக்கெட்தான். திரும்பிய எழுத்து எழுத்தே அல்ல. மாடலைப் பாதியாகச் சுருக்கினாலும் இதே கதை: சிறிய உறை சிறிய பம்ப்புக்கு உதவும், சிறுத்த எச்சரிக்கை எவர் கண்ணுக்கும் படாது. பொருளுக்கு இடம் வலம் மாறினால் கவலையில்லை, பருமன் மாறினால் கவலையில்லை. எழுத்துக்கு இரண்டும் உயிர்ப் பிரச்சினை. எழுத்து கட்டுப்படும் விதிகள் பொருளிலிருந்து வரவில்லை, எதிரே நிற்கிற ஒரு கண்ணிலிருந்து வருகின்றன. அந்தக் கண் பாகப் பட்டியலில் இல்லாவிட்டாலும் ஸ்டிக்கரின் அளவையும் திசையையும் உயரத்தையும் அதுதான் தீர்மானிக்கிறது. அம்புக்குறியை உறையின் சொந்தக் குணமாகக் கருதினால் அது ஏன் ஆபரேட்டர் நிற்கும் பக்கம் மட்டும் இருக்க வேண்டும் என்பதற்கு விடையே கிடைக்காது.

இதைக் கல்லில் பார்க்கலாம். சிதம்பரம் கிழக்குக் கோபுர வாயிலின் இரு புறச் சுவர்களிலும் நாட்டிய சாத்திரம் வகுத்த கரணங்கள் என்னும் நடன நிலைகள் சிற்பங்களாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு சிற்பத்தோடும் அந்தக் கரணத்தின் இலக்கணம் சொல்லும் வடமொழிச் சுலோகம் கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் மேல்தளத்தில் அதே கரணங்களை அதற்கு முந்தைய காலச் சிற்பிகள் செதுக்கத் தொடங்கினார்கள். 108-இல் 81 முடிந்தன, மீதி 27-க்கு ஒதுக்கிய கற்கள் வெறுமையாகவே நிற்கின்றன. தஞ்சையில் சுலோகம் இல்லை. அங்கே ஒரு சிற்பம் எந்தக் கரணம் என்பது அது நிற்கும் வரிசையால்தான் தெரியும். பெயரின் வேலையை இடம் செய்கிறது. சிதம்பரத்தில் அந்த வேலையைத் தனியாக ஓர் எழுத்துக்கு ஒப்படைத்தார்கள். இரு கோயிலிலும் கால் மடக்கிய கோணம் ஒன்றே, ஆனால் கல்வியில் விளைந்த பயன் வேறு. 1914-ஆம் ஆண்டின் கல்வெட்டுத்துறை அறிக்கை சிதம்பரக் கரணங்களைப் படங்களோடு வெளியிட்டது. அந்தப் படங்களையும் சுலோகங்களையும் வைத்தே 1936-இல் வந்த தாண்டவ லக்ஷணம் போன்ற நூல்கள் எந்தக் கரணம் எது என்று பேச முடிந்தது. சிற்பம் மட்டும் இருந்திருந்தால் இடுப்பு ஒடித்து நிற்கும் அழகான பெண்கள் என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். ஆனாலும் இன்று அந்த வாயிலில் நுழைகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கிரந்தம் தெரியாது. அவர்களுக்கு அந்த எழுத்து சிற்பத்தைச் சுற்றிய ஒரு பூவேலை. கல்லில் ஒரு துளி குறையவில்லை, வெட்டின் ஆழமும் குறையவில்லை. படிக்கிறவன் போனதால் பெயர் டீகாலாகிவிட்டது. உடம்பில் வெட்டினால் பெயர் நிலைத்துவிடும் என்ற நம்பிக்கைக்கு இதைவிடக் கடுமையான மறுப்பு வேண்டியதில்லை.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு சாட்சி இருக்கிறது. கொள்ளிடக் கரையில் உள்ள திருமழபாடிக் கோயிலின் பழைய விமானத்தை இடித்துப் புதிதாகக் கட்ட ராஜராஜன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். இடிப்பதற்கு முன் சுவரிலிருந்த கல்வெட்டுகளை ஓலைப் புத்தகத்தில் படியெடுத்துக்கொள்ளும்படியும் சொன்னான். மகன் ராஜேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில் அந்தப் படிகள் புதிய சுவரில் மறுபடியும் வெட்டப்பட்டன. பழைய கல் போய்விட்டது. அதன் மேலிருந்த நிலக்கொடையும் விளக்குக்கான ஆடுகளின் கணக்கும் போகவில்லை. எழுத்து கல்லின் உடம்பு என்றால் கல்லோடு அழிந்திருக்க வேண்டும். வெறும் படம் என்றால் ஓர் அரசன் இத்தனை கவலைப்பட்டிருக்க வேண்டியதில்லை. ஒரு விமானத்திலிருந்து கழற்றி, ஓலையில் பத்திரப்படுத்தி, இன்னொரு விமானத்தில் பொருத்தக் கூடிய தனிப் பாகமாக அதை அரசனின் அலுவலகம் கையாண்டிருக்கிறது. கோயில் நிர்வாகத்தில் இருந்தவர்கள் தத்துவம் பேசாமலேயே மூன்றாவது வழிக்கு வந்துவிட்டார்கள்.

தத்துவம் பேசியே அந்த வழிக்கு வந்தவர்கள் சித்தாந்திகள். சிதம்பரத்தை ஒட்டிய கொற்றவன்குடியில் வாழ்ந்த உமாபதி சிவாசாரியாரின் காலம் நமக்கு ஓரளவு துல்லியமாகத் தெரியும். அவருடைய சங்கற்ப நிராகரணம் 1313-ஐச் சேர்ந்தது. மாயாவாதி உள்ளிட்ட பிற மதத்தாரோடு நேருக்கு நேர் வழக்காடும் நூல் அது. அவர் வந்த மரபு உலகத்தை எண்ணிப் பட்டியல் போடுவதில் தீராத ஆசை கொண்டது. அந்தப் பட்டியல்களில் ஆறு அத்துவாக்கள் என்று ஒன்று உண்டு. மந்திரம் 11, பதம் 81, வன்னம் 51, புவனம் 224, தத்துவம் 36, கலை 5. கூர்ந்து பார்த்தால் முதல் மூன்றும் சொல், பின் மூன்றும் பொருள். உலகத்தின் பாகப் பட்டியலில் சொற்கள் பொருள்களுக்குச் சமமான வரிசையில், தமக்கென்று எண்ணிக்கையோடு ஏறியிருக்கின்றன. தீட்சையில் ஆறையும்தான் சுத்தி செய்ய வேண்டும், சொல்லை விட்டுவிட்டுப் பொருளை மட்டும் சுத்தி செய்வதில்லை. அதோடு நில்லாமல், வாக்கு எதனால் ஆனது என்ற கேள்வியையும் சித்தாந்தம் கேட்டது. சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என்ற நால்வகை வாக்கும் சுத்தமாயையிலிருந்து தோன்றுவன. அதாவது பெயர் சடப்பொருள். சிவமும் அல்ல, உயிரும் அல்ல, பொய்யும் அல்ல. தன் மூலப்பொருள் இன்னது என்று சொல்லக் கூடிய, தானாக ஒன்றும் செய்யாத, செலுத்தினால் வேலை செய்கிற கருவி. வரைபடத்தின் ஓரக் கட்டத்தில் பாக எண்ணும் மெட்டீரியலும் எழுதுகிற பொறியாளர் இதைக் கேட்டால் தலையாட்டுவார். நாகசேனர் விட்டுவிட்ட வரியைச் சித்தாந்தி பட்டியலில் சேர்த்துவிட்டார்.

இந்த இடத்தில் ஐந்தெழுத்தைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது. உமாபதியின் திருவருட்பயனில் ஐந்தெழுத்துக்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. சி என்பது சிவம், வ என்பது அருள், ய என்பது உயிர், ந என்பது மறைப்பு, ம என்பது மலம் என்று ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பொருள் உரிமை செய்யப்பட்டிருக்கிறது. இறைவனின் பெயர் என்று நாம் வழங்கும் ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கே இறைவன். மீதி, அவன் அருள், அவனை நோக்கி நிற்கும் உயிர், அந்த உயிரைக் கட்டியவை. பெயர் தனியொருவனைச் சுட்டவில்லை, ஓர் அமைப்பை முழுதாகச் சுட்டுகிறது. அதைவிட முக்கியம், அந்த ஐந்தில் யகரமாக நிற்கிறவன் யார் என்பது. ஐந்தெழுத்தை ஓதுகிறவனே அவன். படிக்கிற கண்ணைத் தன் பட்டியலில் ஒரு வரியாக ஏற்றிக்கொண்ட லேபிளை இதற்கு வெளியே நான் கண்டதில்லை. வரிசையும் சும்மா இல்லை: நகர மகரங்கள் முன்னே நின்றால் கட்டுப்பட்ட நிலை, சிகர வகரங்கள் முன்னே வந்தால் விடுபடும் நிலை. பாகங்கள் ஐந்தும் அவைதாம், எண்ணிக்கையும் மாறவில்லை. யகரத்தின் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பது மட்டும் மாறுகிறது. எது எதோடு பொருந்துகிறது என்பதில்தான் அசெம்பிளியின் உயிர் இருக்கிறது என்று இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா தெரியவில்லை.

பக்தர் தரப்பிலிருந்து ஒரு கடுமையான ஆட்சேபம் வரும். நாமம் நாமியிலிருந்து வேறல்ல, திருநாமமே தெய்வம், அதைப் போய்ப் பாக எண் கொடுத்த ஸ்டிக்கரோடு சேர்த்துப் பேசுவது அபசாரம் என்பார்கள். ஆட்சேபத்தின் பின்னால் உள்ள அனுபவத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் நாமமே தெய்வம் என்பதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால் நியாயக்காரரின் பழைய கேள்வி திரும்பி வந்துவிடும்: ஓசையைப் பதிவு செய்து இரவு பகலாக ஒலிக்கவிட்ட கருவிக்கு முத்தி உண்டா? இல்லை என்றால், வேலை செய்தது ஓசை மட்டுமல்ல. ஓசையும் ஓதுகிறவனும் ஓதப்படுகிறவனும் சேர்ந்த பொருத்தம். சித்தாந்தம் பெயரைச் சடம் என்று சொன்னதால் அதன் மதிப்பு குறைந்துவிடவில்லை. இறைவனுக்குத் தன்னளவில் பெயரும் வடிவும் இல்லை, உயிர்களின் பொருட்டே அவற்றைக் கொள்கிறான் என்பது சைவத்தின் அடிப்படை. திருவாசகமும் அந்த முரணை அறிந்தே பெயர்களை அடுக்குகிறது. உயிர்களின் பொருட்டு என்ற அந்த ஒரு சொற்றொடரில் எதிரே நிற்கும் கண் மறுபடியும் வந்துவிடுகிறது. பெயர் அவனுக்குத் தேவையில்லை, நமக்குத் தேவை. ஆகவே அது அவனுடைய பாகமும் அல்ல, நம்முடைய கற்பனையும் அல்ல.

அடுத்த ஆட்சேபம் கூர்மையானது, தர்க்கம் படித்தவரிடமிருந்து வரும். ஸ்டிக்கருக்கு ஓர் எண் கொடுத்தீர்கள்; அந்த எண்ணும் ஒரு பெயர்தானே, அதற்கு ஓர் எண் வேண்டாமா, அதற்கும் ஒன்று, அதற்கும் ஒன்று என்று முடிவில்லாமல் போகுமே என்பார். தொழிற்சாலை இதை எப்போதோ தீர்த்துவிட்டது. ஏதாவது ஓர் இயந்திரத்தின் எச்சரிக்கை ஸ்டிக்கரைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால், மஞ்சள் கட்டமும் மின்னல் குறியும் முடிகிற கீழ் மூலையில், எறும்பு அளவு எழுத்தில் ஓர் எண் இருக்கக் காணலாம். அது இயந்திரத்தின் எண் அல்ல, அந்த ஸ்டிக்கரின் சொந்த எண். கிழிந்து போனால் அதைச் சொல்லித்தான் இன்னொன்று வாங்க வேண்டும். இயந்திரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே தன்னையும் சொல்லிவிடுகிறது. தொடர் அங்கே நின்றுவிடுகிறது. மற்றப் பொருளைக் காட்டும் விளக்கைக் காட்ட இன்னொரு விளக்கு வேண்டாம் என்று நியாய சூத்திரம் அளவைகளைப் பற்றிச் சொன்ன சமாதானம் இதற்கும் செல்லும்.

நாகசேனருக்குச் சொல்ல வேண்டிய பதில் பாக்கி இருக்கிறது. அவர் கட்சி இன்று கணினியில் முன்னைவிட வலுவாகவே தெரியும். அசெம்பிளிக் கோப்பைத் திறந்து பார்த்தால் அதற்கென்று சொந்த உடம்பு கிடையாது. எந்தப் பாகம் எந்தக் கோப்பில் இருக்கிறது, எதன் முகம் எதன் முகத்தோடு ஒட்ட வேண்டும் என்ற குறிப்புகள் மட்டுமே இருக்கும். பம்ப் என்பது ஒரு கோப்பின் பெயர். ஆனால் அந்தக் குறிப்புகள் பெயர் அல்ல. பிரித்துக் குவித்த தேருக்கும் பூட்டிய தேருக்கும் பாகப் பட்டியல் ஒன்றே. இழுத்தால் ஒன்று நகரும், மற்றொன்று நகராது. ஆனித் திருமஞ்சனத்திலும் மார்கழித் திருவாதிரையிலும் மூலவரே எழுந்தருளித் தேரேறும் ஊரில் இதற்கு விளக்கம் தேவைப்படாது. பாகங்களுக்கு இடையே உள்ள பொருத்தம் மெய் என்று ஒப்புக்கொண்டால், கண்ணுக்கும் பொருளுக்கும் இடையே உள்ள பொருத்தத்தை மட்டும் பொய் என்று ஒதுக்க நியாயம் இல்லை. ஒரு பலகை என்ன செய்யும் என்பதை அதே ஊர் 2023 ஜூனில் பார்த்தது. நடராசர் சந்நிதிக்கு முன் உள்ள கனகசபையில் ஏறப் பக்தர்களுக்குச் சில நாட்கள் அனுமதியில்லை என்று கோயிலின் தீட்சிதர்கள் வைத்த அறிவிப்பை அறநிலையத் துறையினர் போலீஸ் துணையோடு அகற்றினார்கள். அந்த வழக்கில் எவர் பக்கம் நியாயம் என்பது இந்தக் கட்டுரையின் விஷயம் அல்ல. கனகசபையின் படிகளில் ஒரு கல்லும் கூடவில்லை, குறையவில்லை. ஆனால் பலகை இருந்தபோது ஒரு விதமாகவும் போனபோது வேறு விதமாகவும் படிகள் பயன்பட்டன. பயனை மாற்றுவது மெய்யல்ல என்று சொல்ல பௌத்தருக்கே மனம் வராது; செயலாற்றும் திறனையே உண்மையின் அடையாளமாகக் கொண்டவர் அவர்கள் மரபில் வந்த தர்மகீர்த்தி.

கடைசி ஆட்சேபம் பகுத்தறிவாளருடையது. சிதம்பரத்தைப் பற்றிப் பேசினால் அதற்கு முகம் கொடுத்தே ஆக வேண்டும். நடராசர் சந்நிதிக்குப் பக்கத்தில் திரை விலக்கிக் காட்டப்படும் சிதம்பர ரகசியத்தில் உருவம் எதுவும் இல்லை. வெளியின் முன் பொன் வில்வ மாலைகள் தொங்குகின்றன. பொருளே இல்லாத இடத்தில் அடையாளம் மட்டும் மாட்டுவது ஏமாற்று அல்லவா? நான் இதை நேர்மாறாகப் படிக்கிறேன். டீகால் கட்சிப்படி இந்த மாலை சாத்தியமே இல்லை. படியவிட ஒரு முகம் வேண்டும், அங்கே முகம் இல்லை. வெட்டு எழுத்துக் கட்சிப்படியும் சாத்தியமில்லை. வெட்ட உடம்பு இல்லை. அசெம்பிளியில் மட்டும்தான் ஒரு பாகத்தை இன்னொரு பாகத்தின் மேல் ஒட்டாமல், வெளியில் உள்ள ஒரு தளத்துக்கோ புள்ளிக்கோ கட்டி நிறுத்த முடியும். மாலை அப்படித்தான் நிற்கிறது. அதன் பின்னால் ஏதோ ஒளிந்திருக்கிறது என்று அது சொல்லவில்லை. திரையை விலக்கி, தீபம் காட்டி, ஒன்றும் இல்லை என்பதைத்தான் காட்டுகிறார்கள். பக்கத்திலேயே உருவமாக நடராசரும், உருவும் அருவுமாக ஸ்படிக லிங்கமும் இருக்கும்போது, மூன்றாவது நிலைக்கு உடம்பு கொடுக்காமல் அடையாளம் மட்டும் கொடுத்தது சிந்தித்துச் செய்த தேர்வு. ஏமாற்றுகிறவன் வெற்றிடத்தை மூடி வைப்பான், விளக்கு பிடித்துக் காட்டமாட்டான். பொன் மாலைக்கு அங்கே வேலை இருப்பது பார்க்கிறவனை எங்கே பார்க்க வேண்டும் என்று நிறுத்துவதில்.

இதெல்லாம் இன்று வெறும் ஏட்டு விவகாரமாக இல்லை. கோயில்களை லேசர் ஸ்கேன் செய்தும் ஆயிரக்கணக்கான புகைப்படங்களைத் தைத்தும் முப்பரிமாண மாடல்களாக்கும் வேலை நாடெங்கும் நடக்கிறது. கோபுரம் ஒன்றின் மாடலைக் கணினி தாங்கும் அளவுக்கு இளைக்க வைக்கும்போது முதலில் மழுங்குவது சில மில்லிமீட்டர் ஆழமே உள்ள எழுத்துகள். சிற்பத்தின் முழங்கால் மிஞ்சும், பக்கத்துச் சுலோகம் வடிவத்திலிருந்து நழுவி மேலே போர்த்திய புகைப்படத்தில் மட்டும் நிற்கும். வெட்டு எழுத்து ஒரு மென்பொருள் கட்டளையில் டீகாலாகிவிடுகிறது. தமிழ்நாட்டுக் கோயில் சுவர்களில் மணல் வீச்சு முறையில் வெள்ளையும் அழுக்கும் நீக்கியபோது கல்வெட்டுகள் தேய்ந்ததும், பின்னர் அந்த முறைக்குத் தடை வந்ததும் தெரிந்த கதை. கணினியில் நடப்பது சத்தமில்லாத மணல் வீச்சு. கல் சேதமாகாததால் எவரும் புகார் கொடுப்பதில்லை. இன்னும் நுணுக்கமாக ஸ்கேன் செய்து எழுத்தின் பள்ளத்தைக் காப்பாற்றுவது நல்லதுதான். ஆனால் பள்ளத்தைக் காப்பாற்றுவதும் எழுத்தைக் காப்பாற்றுவதும் ஒன்றல்ல என்பதைக் கிழக்குக் கோபுர வாயிலே காட்டிவிட்டது. ஒவ்வொரு சுலோகத்தையும் தனிப் பாகமாக எடுத்து, அதன் பாடத்தையும் தமிழ்ப் பொருளையும் அதற்குள் வைத்து, எந்தக் கரணத்தோடு எந்த இடத்தில் பொருந்துகிறது என்ற பிணைப்போடு மாடலில் நிறுத்த வேண்டும். ஸ்டெப் கோப்பானாலும் வேறு கோப்பானாலும் அது உதிரக் கூடாது. திருமழபாடியில் ஓலை செய்த வேலை அது. கிரந்தம் படிக்கிறவரும் அசெம்பிளி கட்டுகிறவரும் ஒரு மேசையில் உட்கார்ந்தாலொழிய நடக்காது. அண்ணாமலை நகரில் மொழித் துறைகளும் பொறியியல் புலமும் ஒரே வளாகத்தில்தான் இருக்கின்றன.